ஜப்பானிய வகுப்புக்குத் தமிழோடு போங்கள்

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கும் நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பாடப்புத்தகத்தை அல்லது செயலியை. அதன் முதல் பாடத்திலேயே ஓர் எச்சரிக்கை இருக்கும்: இந்த மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், எல்லாம் தலைகீழாக இருக்கும், பொறுமையாகப் பழக வேண்டும். யாருக்குத் தலைகீழ்? ஆங்கிலம் பேசுகிறவருக்கு. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் அந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு, தனக்கு நேராக இருப்பதை ஆங்கிலத்தில் ஒருமுறை கவிழ்த்துப் போட்டு, பிறகு ஜப்பானிய மொழிக்காக மறுபடி நிமிர்த்துகிறார். இந்த வீண் வேலையைப் பலர் செய்வதைப் பார்த்துவிட்டேன். ஆரம்ப வகுப்பில் சேரப்போகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், எடோகவா வட்டாரத்தில். இங்கே நிஷி கசாய் ரயில் நிலையத்தைச் சுற்றி இந்தியர்கள் நிறைய. 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய அழைக்கப்பட்டு வந்த மென்பொருள்காரர்களில் தொடங்கிப் பெருகிய குடியிருப்பு இது. டோசாய் மெட்ரோவில் ஏறினால் அலுவலகங்கள் நிறைந்த ஓட்டேமாச்சிக்கு நேராகப் போய்விடலாம் என்பதும் இங்கே வீடு பார்க்க ஒரு காரணம். உளுந்து, புளி, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். ஜப்பானிய மொழி தெரியாமலே வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம், ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு மொழி அவசியமானது மகளை ஹொய்குஎன்னில், அதாவது இங்கத்திய குழந்தைகள் காப்பகத்தில், சேர்த்த பிறகு. அங்கே ரென்ராகுச்சோ என்று ஒரு நோட்டு உண்டு. காலையில் குழந்தையின் உடல் வெப்பம், முந்தைய இரவு என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள், மாலையில் யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று நாம் எழுத வேண்டும். மாலையில் அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஆசிரியை எழுதியிருப்பார்: எவ்வளவு சாப்பிட்டாள், எந்தப் பாட்டுக்குக் கை தட்டினாள், யாரோடு மண்ணில் விளையாடினாள். எல்லாம் கையால் எழுதியது. செல்போனைக் காட்டினால் அச்செழுத்தை மொழிபெயர்க்கும் செயலி அந்தச் சாய்வான கையெழுத்தில் திணறிப்போகும். என் பிள்ளையின் ஒரு முழு நாள் அந்தப் பாதிப் பக்கத்தில் இருக்கிறது, அதை நானே படிக்க வேண்டும் என்ற ஆசைதான் என்னை வகுப்புக்குக் கொண்டுபோனது.

ஜப்பானில் ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட ஆரம்ப வகுப்புகள் நடக்கின்றன. வட்டாரச் சமூகக் கூடத்தில் ஓர் அறை, மடக்கு மேசைகள், ஒரு வெள்ளைப் பலகை. நடத்துகிறவர்கள் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள். கட்டணம் என்று வாங்குவது நகல் எடுக்கும் செலவுக்கு ஆகும், அவ்வளவுதான். வெளிநாட்டவருக்கு மொழி கற்பிப்பது மத்திய அரசுக்கும் உள்ளாட்சிக்கும் உள்ள பொறுப்பு என்று சட்டம் வந்ததே 2019-இல்தான். அதற்குப் பல வருடம் முன்பிருந்தே இந்த மனிதர்கள் வாரா வாரம் வந்து பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் சென்செய்க்கு, அதாவது ஆசிரியருக்கு, எழுபது வயது தாண்டியிருக்கும். மழை நாளிலும் எங்களுக்கு முன்பே வந்து மேசைகளைப் போட்டு வைத்திருப்பார்.

வகுப்பில் ஆங்கிலம் கிடையாது. வியட்நாமியர், நேப்பாளிகள், சீனர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லோரும் இருக்கும் அறையில் ஆங்கிலம் பொது மொழியும் இல்லை. ஆளாளுக்குத் தாய்மொழியில்தான் மண்டைக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். சீனர்கள் கான்ஜியை, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்தை, பார்த்ததும் பொருள் சொல்லிவிடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. பள்ளி ஆறாம் வகுப்பு முடிவதற்குள் ஜப்பானியப் பிள்ளைகள் 1,026 கான்ஜி படிக்கிறார்கள், பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் இருப்பவை 2,136. அதை ஒவ்வொன்றாக எழுதி எழுதித்தான் சேர்க்க வேண்டும், குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் வாக்கியம் கட்டுவது என்று வந்தால் தமிழர்களும் நேப்பாளிகளும் கிடுகிடுவென்று முன்னே போய்விடுவார்கள்.

எழுத்திலேயே ஆரம்பிக்கலாம். ஹிராகானா என்பது ஒலியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்து, அதன் அடிப்படை எழுத்துகள் 46. சுவரில் மாட்டியிருந்த அட்டவணையில் உயிர் வரிசையைச் சென்செய் குச்சியால் தொட்டுப் படித்தார்: அ, இ, உ, எ, ஒ. நம் குறில் ஐந்தும், நம் வரிசையிலேயே. அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்முடைய க, ச, த, ந, ப, ம, ய, ர, வ-வை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இடறுவது ஹ ஒன்றுதான், அதுவும் பழங்காலத்தில் ப-வாக ஒலித்தது என்கிறார்கள் மொழி வரலாற்று அறிஞர்கள். இது தற்செயல் இல்லை. பௌத்தத் துறவிகள் சமஸ்கிருதத்தைச் சித்தம் என்ற இந்திய எழுத்தில் படித்தார்கள், நாக்கும் உதடும் படும் இடத்தை வைத்து எழுத்துகளை அடுக்கும் இந்திய முறை அவர்கள் வழியாக ஜப்பானிய அட்டவணைக்குள் போனது. 804-இல் சீனாவுக்குக் கப்பலேறி அந்தப் படிப்பைக் கொண்டுவந்தவர்களில் கூக்காய் என்ற துறவி பெரிய பெயர். அதற்கும் முன்னால், 736-இல், போதிசேனர் என்ற இந்தியத் துறவி ஜப்பானுக்கு வந்து சேர்ந்தார். 752-இல் நாராவின் தோதாய்ஜி கோயிலில் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர் அவர்தான். அந்தச் சடங்கை நமக்கு விளக்கவே வேண்டியதில்லை.

எழுதிப் பழகும் தாள் கட்டம் போட்டது. ஒவ்வொரு கட்டமும் மங்கலான சிலுவைக் கோட்டால் நான்காகப் பிரிந்திருக்கும். கோடு எந்தக் கால்வாசியில் தொடங்குகிறது, எங்கே அழுத்தி நிற்கிறது, எங்கே கொக்கி போல் துள்ளுகிறது, எங்கே இழுத்து விடுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். நிற்பதற்குத் தொமெ, துள்ளுவதற்கு ஹனெ, இழுப்பதற்கு ஹராய் என்று பெயர். நன்றாக வந்த எழுத்துக்குச் சென்செய் சிவப்புப் பேனாவால் சுழி போட்டுச் சுற்றிலும் இதழ் வரைந்து பூவாக்குவார். ஹனமாரு. வளர்ந்த ஆட்கள் அந்தச் சிவப்புப் பூவுக்காக வீட்டில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன், நானும் எழுதியிருக்கிறேன்.

உச்சரிப்புக்கு எங்கள் வகுப்பில் கைதட்டுவோம். ஜப்பானிய மொழியில் எல்லாம் தட்டுக் கணக்கு. 'ஒபசன்' என்றால் அத்தை வயதுப் பெண், 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஐரோப்பிய மொழி பேசுகிறவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள். நமக்கு இது குறில் நெடில். அந்த நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம், இங்கேயும் இரண்டு தட்டு. டோக்கியோவை அவர்கள் தோ, ஓ, க்யோ, ஓ என்று நான்காகத் தட்டுகிறார்கள். மாறுவது மெய்யெழுத்தில். நமக்கு மெய் அரை மாத்திரை, அவர்களுக்கு ஒற்றும் 'ன்'னும் தனித்தனியாக முழுத் தட்டு. நிப்பொன் என்ற சொல் நி, ப், பொ, ன் என்று நான்கு தட்டு. ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து என்ற கணக்கும் இந்தத் தட்டில்தான், அசையில் இல்லை. அந்த அரை மாத்திரையை முழுசாக்கிப் பழகிவிட்டால் நம் பேச்சு சட்டென்று ஜப்பானியர் காதுக்குத் தெளிவாகிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் சுட்டுச் சொற்கள். கொரெ, சொரெ, அரெ என்று மூன்று உண்டு. பேசுகிறவர் பக்கத்தில் இருப்பது கொரெ, கேட்கிறவர் பக்கத்தில் இருப்பது சொரெ, இருவருக்கும் தள்ளி இருப்பது அரெ. நான் இதுவுக்கும் அதுவுக்கும் நடுவில் சொரெவை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர், சென்செய் பேனாவை எடுத்துக் காட்டியதுமே பதிலை எழுதிவிட்டார். எப்படி அண்ணா என்று கேட்டேன்.

"என்ரை கையில இருக்கிறது இது. சென்செய்ன்ரை கையில இருக்கிறது உது. அங்க சுவரில தொங்கிறது அது. எங்கட ஊரில சின்னப் பிள்ளையும் இப்பிடித்தானே கதைக்கும், தங்கச்சி."

தொல்காப்பியம் அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது. தமிழ்நாட்டில் நாம் உகரத்தைப் பேச்சில் விட்டுவிட்டோம், யாழ்ப்பாணத்தில் அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அன்றைக்கு அந்த அண்ணாவிடம் நான் கற்றது ஜப்பானியமும் தமிழும் சேர்த்து.

அதற்குப் பிறகு நோட்டில் பொருளை ஆங்கிலத்தில் எழுதுவதை நிறுத்தினேன். 'கினோ கத்தா ஹொன்' என்றால் நேற்று வாங்கிய புத்தகம், சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆங்கில விளக்கத்தில் பெயரெச்சத்துக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்குகிறார்கள், நமக்கு ஒரு வரி போதும். 'தபெத்தெ' சாப்பிட்டு. 'தபெத்தெ மிரு' சாப்பிட்டுப் பார், பார்ப்பதற்கான அதே வினைதான். 'கத்தெ ஒக்கு' வாங்கி வை. 'தபெத்தெ ஷிமாவு' சாப்பிட்டுவிடு. துணைவினை பின்னால் ஒட்டிக்கொள்ளும் விதம் அப்படியே நம்முடையது. 'அமெ மொ கசெ மொ' மழையும் காற்றும். யார் என்பதோடு 'மொ' சேர்ந்தால் யாரும், 'க' சேர்ந்தால் யாரோ. 'வருவேன் என்று சொன்னார்' என்பதில் இருக்கும் 'என்று' அவர்களிடம் 'தொ'. 'போகலையா?' என்று கேட்டால் 'ஆமாம், போகல' என்பது நம் பதில். ஆங்கிலப் பள்ளியில் திருத்தப்பட்ட அந்த 'ஆமாம்' இங்கே முழுக்கச் சரி.

இந்த ஒற்றுமையைக் கண்டு ஆராய்ச்சியில் இறங்கியவர்களில் சுசுமு ஓனோ முக்கியமானவர். ககுஷுயின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 1919-இல் பிறந்து 2008-இல் மறைந்தார். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல வருடம் வாதாடினார். நம் பொங்கலையும் ஜனவரி 15-ஐ ஒட்டி இங்கே கொண்டாடும் சிறு புத்தாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் இதை முடிந்த முடிவாகச் சொல்லும். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர் கருத்தை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் கொரியம், மங்கோலியம், துருக்கி என்று பல உண்டு, அவற்றிலும் இதே மாதிரி அடுக்கு வரும். உறவு இருந்ததோ இல்லையோ, படிக்கிற நமக்கு லாபம் ஒன்றுதான். அந்த லாபத்தை எடுத்துக்கொள்ளப் பெருமைக் கதை எதுவும் தேவையில்லை.

தமிழ் வழிவிடாத இடங்களும் உண்டு. முதலாவது, ஒலியைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வது. இந்தப் பதிவில் வேறு வழியில்லாமல் செய்திருக்கிறேன், நோட்டில் செய்யாதீர்கள். நமக்குச் சொல்லின் நடுவில் வரும் ககரம் தானாகவே மெலிந்துவிடும், இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. அவர்களுக்குப் பேரிக்காய் சைசில் இருக்கும் kaki என்ற ஆரஞ்சு நிறப் பழத்துக்கும் kagi என்ற வீட்டுச் சாவிக்கும் இடையே உள்ள வேறுபாடு அந்த ஒரு ககர ஒலிதான். ஹிராகானாவில் எழுத்தின் தோளில் இரண்டு சிறு கோடு போட்டு அதைப் பிரித்துக் காட்டிவிடுவார்கள். இரண்டாவது, வினையில் ஆள் தெரியாது. போகிறேன், போகிறாய், போகிறார் எல்லாமே 'இகிமாசு'. மூன்றாவது, எண்ணும் முறை. பென்சில் போல நீளமானதற்கு ஒரு விகுதி, காகிதம் போலத் தட்டையானதற்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று, வண்டி இயந்திரங்களுக்கு ஒன்று. நீளமானதையே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும்போது இப்பொன், நிஹொன், சன்பொன் என்று ஒலி மாறிக்கொண்டே போகும். இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

பண்பாடு என்று தனிப் பாடம் வைத்தார்கள், தூரிகை பிடித்து எழுதினோம், ஜூலை 7 தனபதா அன்று வண்ணத் தாளில் ஆசையை எழுதி மூங்கிலில் கட்டினோம். அதெல்லாம் அழகு. ஆனால் உண்மையான பண்பாட்டுப் பாடம் இலக்கணத்தோடு சேர்ந்தே வந்தது. ஒருவர் பேசும்போது கேட்கிறவர் சும்மா இருக்கக் கூடாது என்று சென்செய் ஜோடி ஜோடியாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார். 'ஹாய்', 'ம்', 'அப்படியா' என்று இடையிடையே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பேசுகிறவர் நிறுத்திவிடுவார். இதற்கு அய்சுச்சி என்று பெயர். கதை கேட்டால் ஊம் கொட்டச் சொன்ன பாட்டிகளிடம் வளர்ந்தவர்களுக்கு இது வீட்டுப் பழக்கம். பழக்கமில்லாதது வேறு: நம் அம்மாவைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது 'ஹஹா' என்று தாழ்த்திச் சொல்லி, அவர்கள் அம்மாவை 'ஒகாசன்' என்று உயர்த்த வேண்டும். நமக்குச் சொந்த அம்மாவை ஊரார் முன் தாழ்த்திப் பேச வாய் வராது. தாழ்த்துவது அம்மாவை மட்டும் இல்லை, நம் வீட்டை மொத்தமாகத்தான் என்று புரிந்த பிறகு வந்தது.

பேரிடர் பாடம் ஒன்றும் உண்டு. 1995 ஜனவரி 17 அன்று கோபே பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது அங்கிருந்த வெளிநாட்டவர் பலருக்கு ஜப்பானிய அறிவிப்பும் புரியவில்லை, ஆங்கில அறிவிப்பும் புரியவில்லை. ஹிரோசாகி பல்கலைக்கழகத்தின் கசுயுகி சத்தோ முதலிய ஆய்வாளர்கள் அதற்குப் பிறகு 'யசாஷீ நிஹொங்கொ', எளிய ஜப்பானியம், என்ற முறையை உருவாக்கினார்கள். 'மேட்டு நிலத்துக்கு இடம்பெயருங்கள்' என்ற கனமான சொற்களுக்குப் பதில் 'உயரமான இடத்துக்கு ஓடுங்கள்'. ஆரம்ப நிலையில் படிக்கும் சொற்களே போதும் என்பதுதான் அதன் அடிப்படை. எங்கள் வட்டாரம் ஆறுகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் நிலம். 2019-இல் எடோகவா வட்டாரம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில், வட்டாரத்தைச் சுட்டி ஒரு வரி அச்சிட்டிருந்தார்கள்: 'இங்கே இருக்கக் கூடாது'. வெள்ளம் வரும் நிலை வந்தால் முன்கூட்டியே வெளியேறிவிடுங்கள் என்று அர்த்தம். அந்த 'கூடாது' எங்கள் பாடத்தில் அப்போதுதான் நடந்திருந்தது. சென்செய் வரைபடத்தை மேசையில் விரித்து ஒவ்வொருவர் வீட்டையும் விரலால் தேடிக் காட்டினார். வகுப்பில் யாரும் அன்று செல்போனைத் தொடவில்லை.

கடைசியாக ஒரு பாடம், இப்போது நடந்துகொண்டிருப்பது: கொடுப்பதும் வாங்குவதும். எனக்கோ என் வீட்டாருக்கோ ஒருவர் தந்தால் 'குரெரு', நான் பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை என்பதால் விளக்கம் பக்கம் பக்கமாக நீளும். தமிழில் 'எனக்குத் தா', 'அவனுக்குக் கொடு'. தரவு தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடை படர்க்கைக்கும் உரியது என்று தொல்காப்பியமும் பிரிக்கிறது. முன்னிலை மட்டும் இங்கே எதிர்ப் பக்கம், உனக்குத் தருவதும் 'அகெரு' கணக்கில் சேரும். இது இன்னொரு வினையின் பின்னாலும் ஒட்டும். எனக்குச் சொல்லித் தந்தார் என்றால் 'ஒஷியெத்தெ குரெமாஷித்தா', நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்றால் 'ஒஷியெத்தெ அகெமாஷித்தா'. இதை வெறும் 'சொன்னார்' என்று முடித்துவிட்டால் ஜப்பானியர் காதில் ஏதோ குறையும். ஒருவர் எனக்காக ஒன்று செய்தார் என்றால் அந்தத் தந்ததை வாக்கியத்திலேயே சொல்லியாக வேண்டும். பெரியவர்களுக்கு நாம் செய்ததை 'அகெரு' போட்டுச் சொல்வதும் அழகில்லை, உபகாரம் செய்தேன் என்று சொல்லிக்காட்டுவது போலாகிவிடும். ரென்ராகுச்சோவில் இப்போது நான் எழுதும் வரிகளில் பாதி இந்த வினையில்தான் முடிகின்றன. பாடிக் காட்டித் தந்தீர்கள், மருந்தை நினைவு வைத்துக் கொடுத்துத் தந்தீர்கள்.

சேர நினைக்கிறவர்களுக்கு: உங்கள் வட்டார அலுவலகத்தில் கேட்டால் பக்கத்தில் நடக்கும் வகுப்புகளின் பட்டியல் தருவார்கள். சென்னையில் இருந்தால் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற ஜப்பானிய மொழி மையத்தில் விசாரிக்கலாம். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் வரும், ஆரம்ப நிலை என்5. அதைச் சென்னையிலும் எழுதலாம். கையோடு இரண்டு நோட்டு எடுத்துப் போங்கள், கட்டம் போட்டது ஒன்று, கோடு போட்டது ஒன்று. ஒலியை முதல் வாரத்திலிருந்தே ஹிராகானாவில் எழுதுங்கள், பக்கத்தில் பொருளைத் தமிழில் எழுதுங்கள்.